பதில் வராவிட்டால்

கட்டுக்கலை, கண்டி
1935 ஜனவரி 20
ஹிஜ்ரி 1353, ஷவ்வால் பிறை 14

உடன்பிறந்த தம்பி மர்சூக்குக்கு ராத்தா ஸுலைஹா எழுதிக்கொள்வது. உனக்கும் ரபீகாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். ஸலாமில் நான் குறை வைக்க மாட்டேன், அது கடமை. நானும் மகள் றம்லத்தும் உயிரோடு இருக்கிறோம். கண்டிப் பக்கத்தில் இந்த மாதம் அப்படி எழுத முடிவதே பெரிய காரியம்.

உன் கார்ட் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. நல்ல தடித்த கடதாசி, பச்சை மை, மேலே கஃபாவின் படம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் சொந்தக்காரர்களிடம் மாப்புக் கேட்டுவிட்டுக் கப்பல் ஏறுவது நம் வழக்கம்தான். வாப்பா ஹஜ்ஜுக்குப் போன வருடம் உனக்கு ஞாபகம் இருக்கும். வீடு வீடாக நடந்தார். வேலிச் சண்டையில் பதினொரு வருடம் பேசாமல் இருந்த சின்ன வாப்பாவின் வாசலில் மழையில் நின்று கேட்டார். நீ அச்சுக்கூடம் வரைக்கும் நடந்திருக்கிறாய். 'அன்புள்ள' என்பதற்குப் பக்கத்தில் ஒரு கோடு விட்டு, அந்தக் கோட்டின் மேல் என் பெயரைப் பேனையால் எழுதியிருக்கிறது. அந்தக் கையெழுத்தும் உன்னுடையதல்ல, ரபீகாவுடையது.

அதைக்கூடப் பெரிதாக எடுத்திருக்க மாட்டேன். தமிழ் எழுத்து எனக்கு ஓடாது என்பதால் மகள்தான் கார்டை வாசித்துக் காட்டினாள். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். கப்பல் ஏறும் நாளுக்குள் பதில் வராவிட்டால் தாங்கள் மனப்பூர்வமாகப் பொறுத்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறேன் என்று போட்டிருந்தது. இன்னொரு தடவை வாசி என்றேன், வாசித்தாள். அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உனக்கு இன்னும் புத்தி வரவில்லையே மர்சூக்!

அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன். அது இல்லாவிட்டால் இந்த ஆறு வருடம் இருந்தது போலவே இருந்திருப்பேன். அறபெழுத்துத் தமிழில் எழுதுகிறேன், எனக்குக் கைவந்தது இதுதான். நமக்கு ஓதிக் கொடுத்த ஆஸியா உம்மாவின் வீட்டுப் பாயில் உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்தான் உனக்கு இந்த எழுத்தைப் பழக்கினேன், மறந்திருக்க மாட்டாய். உன் கந்தோரில் வேறு யாருக்கும் வாசிக்க வராது. அதனால் வெட்கப்படாமல் முழுவதையும் வாசி.

முதலில் ஊர்ச் செய்தி. மலேரியாக் காய்ச்சல் பிலிமத்தலாவைப் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. கொயினா மருந்து வாங்க ஆஸ்பத்திரி வாசலில் விடியற்காலையில் இருந்தே சனம் நிற்கிறது. நம் முன்னறையை வாடகைக்குக் கேட்டிருந்தாரே, பித்தளைச் சாமான் விற்கிறவர், அவருடைய இரண்டு பிள்ளைகளும் நோன்பு மாதத்துக்குள் மௌத்தாகிவிட்டார்கள். றம்லத்துக்கும் நான்கு நாள் காய்ந்தது. அந்த நான்கு நாளும் நான் என்ன பாடு பட்டேன் என்று எழுதப் போவதில்லை. இப்போது எழும்பி நடமாடுகிறாள். எனக்கு ஷவ்வால் மாதத்து ஆறு நோன்பில் இன்னும் இரண்டு பாக்கி.

இனி உன் டிராமுக்கு வருகிறேன்.

ஊரில் யாரும் இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் சிரிக்கிறார்கள். வாவிக்கரையிலிருந்து ரயில் ஸ்டேஷன் வரைக்கும் முதல் துண்டு என்றீர்கள். அந்தத் துண்டுக்கு ஒரு முழத் தண்டவாளம்கூட நிலத்தில் விழவில்லை. அதற்குள் ஸ்டேஷனில் இருந்து பேராதனைத் தோட்டம் வரைக்கும் நீட்டப் போகிறோம் என்று உன் கம்பனி படம் கீறத் தொடங்கியது. இல்லாத ஒன்றை எப்படி நீட்டுவது என்று நம் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார்கூடக் கேட்டார். படித்தவர்கள் ஒருவரும் கேட்கவில்லை. வீதியில் மாட்டு வண்டியும் ரிக்ஷாவும் காரும் நெருக்கியடிக்கின்றன, டிராம் வந்தால் எல்லாம் சீராகிவிடும் என்று நீ நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாய். என் கணவர், உன் மச்சான், சிரித்துக்கொண்டே, நம் தம்பி கீறினால் கோடு நேராகத்தான் இருக்கும் என்றார். அவருக்கு உன் மேல் அவ்வளவு பெருமை. படம் கீறுகிற மச்சினன் எங்கள் கடைக்குப் பக்கத்தால் டிராம் விடப் போகிறான் என்று, குடை பழுது பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருடமே அவர் மௌத்தானார். முன்னறையில் இருந்த கடையை மூடினோம். நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் இருக்க நான் இத்தாவில் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு எழுபத்தோராவது நாள். நாளை எண்ணிக்கொண்டு இருந்தவள் நான், எனக்குப் பிசகாது. லுஹர் தொழுகைக்கு முந்திய நேரம். நீ முன்னறைக்குள் வந்த சத்தம் கேட்டது. உன்னோடு சப்பாத்துக் கால்கள் இன்னும் இரண்டு சோடி. ஒன்று வெள்ளைக்காரத் துரை, மற்றது கிளாக்கர் என்று பிறகு தெரிந்தது. நான் உள்ளறையில், திரைக்கு இந்தப் பக்கம், வெள்ளைச் சேலையோடு பாயில் இருந்தேன். றம்லத் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள், அப்போது அவளுக்குப் பதினாறு.

நீ திரைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாய். "ராத்தா, கம்பனிக்காரங்க வந்தீக்கிறாங்க. வீதிய நம்ம பக்கத்தால அகலமாக்கப் போறாங்களாம். முன்னறைய விட்டுக் குடுக்க விருப்பமா? செல்லுங்க" என்றாய். நான் பேசவில்லை. எப்படிப் பேசுவேன்? இத்தா இருக்கிறவளின் குரல் அந்நிய ஆண்களின் காதில் விழக்கூடாது என்று உம்மா நம்மை வளர்த்தது உனக்குத் தெரியாதா? மார்க்கத்தில் அவ்வளவு கண்டிப்பு இல்லை என்று இப்போது சொல்கிறார்கள். நம் வீட்டில் அப்படித்தான் இருந்தது. அவர்கள் போன பிறகு நீ உள்ளே வருவாய், தனியாகக் கேட்பாய், அப்போது முடியவே முடியாது என்று சொல்லலாம் என்று காத்திருந்தேன். நீ கூடப்பிறந்தவன், உனக்கு உள்ளே வரத் தடை இல்லை.

நீ இரண்டாம் தடவை கேட்டாய். பிறகு மூன்றாம் தடவை. மூன்று தடவை கேட்கிறானே, என்ன இது என்று எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. என் நிக்காஹுக்கு வாப்பா இதே திரைக்கு அந்தப் பக்கம் நின்று மூன்று தடவை கேட்டார். நான் வெட்கத்தில் வாய் திறக்கவில்லை. சாட்சிகள் அதையே சம்மதம் என்று ஏற்றுக்கொண்டு போனார்கள். நீ அப்போது ஏழு வயதுப் பிள்ளை, வாப்பாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாம் பார்த்தாய். பார்த்ததை நன்றாகத்தான் ஞாபகம் வைத்திருந்தாய்.

துரையிடம் நீ இங்கிலீஷில் ஏதோ சொன்னாய். அவர் சிரித்தார். எங்கள் பெண்கள் ஆம் என்று வாயால் சொல்ல மாட்டார்கள், பேசாமல் இருந்தால் ஆம் என்றுதான் அர்த்தம் என்று நீ சொன்னதாக, கிளாக்கர் பின்னொரு நாள் எதிர்வீட்டு முதலாளியிடம் சொல்லி, முதலாளியின் மனைவி அதை என்னிடமே சொன்னாள். துரைக்கு அது மிகவும் பிடித்துப்போனதாம், குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாராம். என் வீட்டு முன்னறை போனதும் அவர் எழுதிய அந்தத் தாளில்தான்.

நீ உள்ளே வரவில்லை. துரைக்குச் சாப்பாட்டு நேரம் என்று மூவரும் போய்விட்டீர்கள். நாளைக்கு வருவாய் என்று நினைத்தேன். மறுநாளும் வரவில்லை. ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அறிவித்தல் ஒட்டியிருந்ததாம். வீட்டுக்கு வெளியே கால் வைக்காதவளுக்கு அது எப்படித் தெரியும்? எதிர்வீட்டு முதலாளி வழக்குப் பார்க்கிற புரக்டரை வைத்து எழுதிக் கொடுத்தார். அதனால் வளைவில் கோடு அந்தப் பக்கம் போகாமல் என் பக்கம் வந்தது. என் பேரில் பொறுப்பான ஆணாக, வலியாக நின்று நீ ஒப்பமும் போட்டிருந்தாய்.

நான்கு மாதமும் பத்து நாளும் முடிந்து குளித்துவிட்டு முன்னறைக் கதவைத் திறந்தேன். வீதிப் பக்கத்துச் சுவரில் இல்லை, நடுச்சுவரில், நான் சாய்ந்து உட்கார்ந்திருந்த சுவரின் மறுபக்கத்தில், சிவப்பு மையால் ஒரு கோடு.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தாய். நான் சம்மதம் சொல்லவில்லையே தம்பி என்றேன். உன் முகம் வெளுத்தது. அதை நான் பார்த்தேன், நீ இல்லையென்று சொல்லாதே. பேசாமலிருந்தால் சம்மதம் என்பது கன்னிப் பெண்ணுக்குத்தான். ஒரு தடவை கட்டிக்கொடுத்த பெண் தன் வாயால் சொல்ல வேண்டும், அவள் சொல்லாத வரைக்கும் யாரும் அவளுக்காகச் சொல்ல முடியாது. அதை ஆஸியா உம்மா நம் இருவருக்கும் ஒரே பாயில் வைத்துத்தான் ஓதிக் கொடுத்தார். நான் அதைச் சொன்னதும் நீ தலையைக் குனிந்துகொண்டு, "படத்துல மையால கீறிட்டேன் ராத்தா. இனி அழிக்கேலா. முழுப் படத்தையும் திரும்பக் கீறணும், துரை ஏசுவாரு" என்றாய்.

கேட்டுக்கொள் மர்சூக். அன்றைக்குத் திரைக்கு அந்தப் பக்கம் நீ செய்தது பிழை. இங்கிலீஷ்காரன் அந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டான், தமிழ்க் கிளாக்கரும் செய்திருக்க மாட்டான். நம் வீட்டில் பிறந்த நீ மட்டும்தான் செய்திருக்க முடியும். பிழை என்றால் நான் எப்போதோ பொறுத்திருப்பேன். எனக்கும் அதில் பங்கு இருக்கிறது. ஒரு தடவை இருமியிருக்கலாம், ஒரு கிண்ணத்தையாவது தட்டி விட்டிருக்கலாம். ஆனால் பிழை என்று தெரிந்த பிறகு நீ துரையிடம் போய் வாயைத் திறக்கவில்லையே! கோடு மையில் இருந்தது, சுவர் இன்னும் நின்றுகொண்டிருந்தது. இடிக்க எட்டு மாதம் இருந்தது. அந்த எட்டு மாதத்தில் கொழும்புக் கந்தோரில் உனக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நீ சத்தியம் செய்தால் நம்புகிறேன். இதுவரைக்கும் நீ செய்யவில்லை.

இடித்த அன்றைக்கு நீ ஊரில் இல்லை. கூலிக்காரர்கள் நல்லவர்கள், கணபதி என்று ஒரு தேயிலைத் தோட்டத்துப் பையன் குடைக்கம்பிப் பெட்டியைப் பத்திரமாக எடுத்து வந்து, "இது ஐயாவோடதுங்களா, எங்க வைக்கட்டும் அம்மா" என்று தலையைத் திருப்பிக்கொண்டு கேட்டான். அந்தப் பிள்ளைக்கு இருந்த மரியாதை உனக்கு இருக்கவில்லை.

அடுத்த வருடமே கம்பனி டிராம் வேலையை மூடிவிட்டது என்று கேள்வி. தேயிலை விலை விழுந்துவிட்டது, பஸ் வந்துவிட்டது, டிராம் இனிப் பழங்காலத்துச் சாமான் என்றார்கள். கம்பனியிலிருந்து ஒரு கடதாசி வந்தது, திட்டம் கைவிடப்பட்டதாம். சுவரைத் திரும்பக் கட்டிக் கொடுப்பதாக அதில் ஒன்றும் இல்லை. என் கணவரின் கடை இருந்த இடம் வீதியாகிவிட்டது. வீதிக்காரர்களும் அதை என்ன செய்வது என்று தெரியாமல் சும்மா விட்டிருந்தார்கள். வெறும் இடத்தைக் கண்டால் பஸ்காரன் விடுவானா? இப்போது என் உள்ளறை வாசலில்தான் பேராதனை பஸ் நிற்கிறது. காலை ஐந்தரையிலிருந்து "பேராதனை, பேராதனை, கடுகண்ணாவை" என்று கத்துகிறார்கள். வாசலுக்குச் சாக்கைத் தைத்துப் போட்டிருக்கிறேன். காற்றடித்தால் சாக்கு விலகும். பஸ்ஸுக்குள் இருப்பவர்களுக்கு என் அடுப்பு தெரியும். முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு கறி கிண்டுகிற ஒரே பெண் கண்டியில் நானாகத்தான் இருப்பேன். ஒரு நாள் பஸ்ஸிலிருந்து ஒரு சிங்கள நோனா எட்டிப் பார்த்து, இது சாப்பாட்டுக் கடையா என்று கேட்டாள்.

முன்னறை எனக்குக் கடையாக இருந்தது, வாடகை வந்திருக்கும் என்பதற்காக இவ்வளவும் எழுதவில்லை. வீதிக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது அது ஒன்றுதான்.

றம்லத் விஷயம் உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் எழுதவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நாவலப்பிட்டியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். துணிக்கடைக் குடும்பம், பையன் அமைதியானவன். வீடு அவளுக்குத்தான், மாப்பிள்ளை இங்கே வந்து குடியிருப்பது என்று பேசியிருந்தது. பையனின் உம்மா உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தார். மகள் வட்டிலப்பத்தைக் கொண்டுவந்து வைக்கக் குனிந்த நேரம், பஸ் வந்து நின்றது. சாக்கு விலகியது. யன்னல் வரிசை முழுவதும் தலைகள். ஒருவன் சீட்டி அடித்தான். அந்த அம்மா முக்காட்டை இழுத்துவிட்டு எழும்பினார், வட்டிலப்பத்தில் கை வைக்கவில்லை. பிள்ளை நல்ல பிள்ளை, ஆனால் நடுவீதியில் இருக்கிற வீட்டுக்கு மகனைக் குடியனுப்ப ஏலாது என்று மூன்றாம் நாள் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு வந்தவர்களும் வாசலைப் பார்த்துவிட்டே போய்விட்டார்கள். அவளுக்கு இப்போது இருபத்திரண்டு. என்னிடம் ஒரு சொல் குறை சொல்லவில்லை. உன் கார்டைக்கூட வாசித்து முடித்ததும் மடித்துக் குர்ஆன் அலுமாரியில்தான் வைத்தாள், கஃபா படம் இருக்கிறதே என்று.

அவளுக்காகத்தான் எனக்கு ஆறவில்லை. என் பங்குக்கு நான் என்னவோ சொல்லிவிடலாம். அவளுடைய பங்குக்கு நான் சொல்ல முடியாது. ஒருவருக்காக இன்னொருவர் சொல்லிக் கெட்டது போதும்.

இதையெல்லாம் எழுதியதால் உன் பயணத்தை நான் தடுக்கிறேன் என்று நினைக்காதே. நீ போக வேண்டும். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் உன் மச்சானுக்கும் அங்கே துஆ கேட்க வேண்டும். ரபீகாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, எலுமிச்சங்காய் ஊறுகாய் கொண்டுபோகச் சொல். உனக்குச் சின்ன வயதிலிருந்தே குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை கட்டும், கப்பலில் கவனமாக இரு.

கப்பலுக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. கொழும்பில் காலை ரயில் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு இங்கே இருக்கலாம். ஸ்டேஷனில் இறங்கிப் பேராதனை பஸ்ஸில் ஏறு. எங்கே இறங்குவது என்று கேட்க வேண்டியதில்லை, என் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். அந்த வசதி நீ செய்து கொடுத்ததுதான். சாக்கை விலக்கிக்கொண்டு நேரே உள்ளே வா. வந்து உட்கார். முதலில் றம்லத்திடம் கேள். பிறகு என்னிடம் கேள். மூன்று தடவை வேண்டாம், ஒரு தடவை கேட்டால் போதும். வாயைத் திறந்து பதில் சொல்கிறேன். என்ன பதில் என்று எனக்கே இன்னும் தெரியாது.

பயணத்துக்கென்று மாசிக்கருவாட்டுச் சம்பல் இடித்துப் போட்டு வைத்திருக்கிறேன், இரண்டு போத்தல். உன் வயிற்றுக்கு ஆகாதென்று செத்தல் மிளகாயைக் குறைத்திருக்கிறேன். நன்றாக வறுத்தது, ஜித்தா போகும் வரைக்கும் கெடாது. ஆனால் தபாலில் அனுப்ப மாட்டேன்.

அல்லாஹ் உன் கப்பலைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பானாக. உன் ஹஜ்ஜை ஏற்றுக்கொள்வானாக. இதற்கு ஆமீன் சொல்கிறேன், இதை என் வாயால் சொன்னதாக எழுதிக்கொள். நான் சொல்லாத வேறு எதையும் என் பேரில் எழுதிக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உனக்கு எழுத்துப் பழக்கிய ராத்தா
ஸுலைஹா